காட்டோர வாடியில் மூன்று இரவு தங்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். கல்முனையில் பிறந்தவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ஓகஸ்ட் மாதம் 11, 7 வயதுப் பிள்ளைகளோடும் 68 வயது அம்மாவோடும் ஊருக்கு வருகிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் ஒருவர் பெரு நாட்டில், அமேசன் மழைக்காட்டுக்குள் ஊர்மக்களே நடத்தும் எக்கோ லொட்ஜில் (காட்டைக் கெடுக்காமல் நடத்தும் சிறு விடுதி) தங்கிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமும் அப்படி ஒன்று இருக்குமா, மூன்று இரவு தங்கலாமா, பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவருவது, கடைசியாக, 'கொடுக்கிற காசு உண்மையில் ஊருக்குத்தான் போகுமா' என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இடம் தேடுகிற கேள்வி. ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் மனசு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 'ஊர்மக்கள் நடத்துவது' என்று பலகையில் எழுதியிருந்தால் அதை எப்படி நம்புவது என்பதுதான் நீங்கள் கேட்பது. ஆகவே அதற்குத்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்தவன். பதினெட்டு வருடமாகப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். இடையில் சில கிராமச் சங்கங்களுக்கு, விருந்தினரை எப்படி வைத்துக்கொள்வது, கணக்கை எப்படி எழுதுவது என்று பழக்கியும் இருக்கிறேன். அமேசனுக்குப் போனதில்லை. அதைப் பற்றி நான் சொல்வது வாசித்து அறிந்தது. இங்கே உள்ளதைப் பற்றிச் சொல்வது காலால் நடந்து அறிந்தது. இரண்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள்.

முதலில் கசப்பான செய்தி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மழைக்காடு இல்லை. யாராவது இங்கே ஒரு இடத்தைக் காட்டி 'ரெயின்ஃபொரஸ்ட் லொட்ஜ்' என்று விற்றால், அந்த ஆள் மற்ற விசயங்களிலும் எவ்வளவு உண்மை பேசுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்காடு என்றால் வருடம் முழுக்க நனைந்தபடி இருக்க வேண்டும். எங்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,650 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வாடைக்காற்றோடு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, மழையை எல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு இங்கே வெறுங்காற்றாக வந்து சேரும். அந்தக் கச்சான் காற்று உங்களுக்கு மறந்திருக்காது. இந்த நாலைந்து மாத வறட்சியைத் தாங்கக்கூடிய மரங்கள்தான் எங்கள் காட்டில் நிற்கின்றன: பாலை, வீரை, முதிரை, கருங்காலி, ஆற்றோரமாகப் போனால் மருது. பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் குறைவு, அடியில் முள் அதிகம், தரை காய்ந்த சருகு. உலர்வலயக் காடு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

மழைக்காடேதான் வேண்டும் என்றால் நாட்டின் மறுமூலைக்கு, சிங்கராஜவுக்குப் போக வேண்டும். மட்டக்களப்பில் இருந்து வாகனத்தில் ஒரு முழுப்பகல் பிடிக்கும். 1988 இல் யூனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த காடு அது. அங்கே உள்ள மரங்களில் 60 வீதத்துக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1970களில் பலகைக்காக ஒரு பகுதியை வெட்டினார்கள், எதிர்ப்பு எழுந்து அது நின்றது. அப்படித்தான் மிச்சம் தப்பியது. வடமேற்கே குடாவ, தெற்கே தெனியாய வழியாகப் பிட்டதெனிய என்று வாசல்கள் உண்டு. வனத் திணைக்களத்தில் டிக்கட் எடுத்து, வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே போகலாம். அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் காட்டைச் சுற்றியுள்ள ஊர்ப் பொடியன்கள். அவர்களுடைய அப்பாமார் அதே காட்டோரத்தில் கித்துள் மரம் சீவிக் கருப்பட்டி காய்ச்சியவர்கள். தங்குவது காட்டு எல்லைக்கு வெளியே, ஊர் வீடுகளிலும் சிறு விடுதிகளிலும்.

ஆனால் ஓகஸ்டில், ஏழு வயதுப் பிள்ளையோடும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் (வலி என்று நீங்கள் எழுதவில்லை, 68 வயதில் நம்மூர் அம்மாமாருக்கு இல்லாமலிருந்தால் ஆச்சரியம்) சிங்கராஜவுக்குப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அங்கே நல்ல காலம் ஜனவரி தொடங்கி மார்ச் வரை. ஓகஸ்டில் மே, ஜூன் அளவுக்கு மழை அடிக்காது, ஆனாலும் பின்நேரம் நனையாமல் வருவது அதிர்ஷ்டம். அட்டை கட்டாயம் கடிக்கும். அதைவிட முக்கியம், மழைக்காட்டில் பெரிய மிருகம் எதுவும் சுலபமாகக் கண்ணில் படாது. தவளை, ஓணான், இலைப்பூச்சி, பிறகு திடீரென்று ஒரு பறவைக் கூட்டம்: சிலம்பன்களும் கரிச்சானும் முன்னே போக, பத்துப் பதினைந்து இனப் பறவைகள் ஒன்றாக மரத்துக்கு மரம் இரை தேடிக்கொண்டு நகரும். நான் அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது 'மேலே ஏதோ அசையுது' மட்டும்தான்.

இனி உங்கள் நண்பர் சொன்ன பெருவுக்கு வருவோம். அவர் எங்கே தங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த நாட்டில் இந்த வகைக்கு அதிகம் பேசப்படும் இடம் தம்போபாத்தா ஆற்றோரத்தில் உள்ள பொசாடா அமசோனாஸ். ஊரின் பெயர் இன்ஃபியர்னோ. ஸ்பானிய மொழியில் நரகம் என்று அர்த்தம். (நரகத்துக்கு ஆள் கூப்பிட்டு வெற்றி கண்ட ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும்.) 1996 இல் அந்த ஊர் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 20 வருட ஒப்பந்தம் எழுதியது. இலாபத்தில் 60 வீதம் ஊருக்கு, 40 வீதம் நிறுவனத்துக்கு. 1998 இல் லொட்ஜ் திறந்தது. கவனியுங்கள்: ஊர் அதைத் தனியாக நடத்தவில்லை. விளம்பரம், பதிவு, வெளிநாட்டுத் தொடர்பு எல்லாம் தெரிந்த கூட்டாளி ஒருவர் இருந்தார். ஊரிடம் இருந்தது காடும், ஆட்களும், 'இதற்குச் சரி, இதற்கு இல்லை' என்று சொல்லும் உரிமையும். 60, 40, 20 என்ற எண்களைவிட, அவை கடதாசியில் எழுதப்பட்டு ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தன என்பதைத்தான் நான் பெரிதாக எடுப்பேன்.

நமக்குக் கிட்டத்தில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் கேரள எல்லையில், குமுளிக்குப் பக்கத்துப் பெரியாறு காடு. அங்கே களவாகக் காட்டுக்குள் போய் மரப்பட்டை உரித்து விற்றவர்களின் வழக்குகளை முடித்து, அவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லவும் இரவுக் காவலுக்கும் விட்டார்கள். காட்டின் கள்ளப்பாதை எல்லாம் தெரிந்தவனைவிட நல்ல காவல்காரன் யார்? இங்கே ஊருக்குக் கூட்டாளி நிறுவனம் இல்லை, அரசின் வனத்துறை. ஆக 'ஊர் நடத்துவது' என்பதற்கு ஒரே அச்சு கிடையாது.

சரி, நம்ம ஊர். போர் முடிந்த பிறகு கிழக்கில் சுற்றுலா என்ற பெயரில் கொஞ்சக் காசு வந்தது. ஒரு கிராமத்தில், பெயர் வேண்டாம், குளக்கட்டுக்குப் பக்கத்தில் நாலு வாடி, அதாவது சிறு குடில், கட்டினார்கள். ஓலைக்கூரை, மூங்கில் தட்டி, சூரியமின் விளக்கு, ஒரு எஞ்சின் படகு, திறப்பு விழாவுக்கு மேளம். நானும் போயிருந்தேன், பழக்கிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதில் என் பிழையும் உண்டு. வரவேற்பது எப்படி, பறவைப் பெயர் என்ன என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். யார் எந்தக் கிழமை சமைப்பது, படகு எஞ்சின் பழுதானால் எந்தக் காசில் திருத்துவது, விருந்தினர் வராத மாரி காலத்தில் கூரையை யார் பார்ப்பது என்று ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை. முதல் வருடம் நன்றாக ஓடியது. இரண்டாம் வருடம் எஞ்சின் நின்றது. சமைத்த இரண்டு பெண்கள் 'எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேலை' என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். மூன்றாம் மாரியில் கூரை இறங்கியது. இப்போது அங்கே மாடு கட்டுகிறார்கள்.

எனக்கு இன்றும் உறைப்பது என்னவென்றால், முறைபோட்டு வேலை செய்வது எங்கள் சனத்துக்குப் புதிதே இல்லை. மட்டக்களப்பில் கோயில் திருவிழாவை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் இந்தக் குடி (குலம்), இரண்டாம் நாள் அந்தக் குடி என்று எத்தனை தலைமுறையாக நடக்கிறது. தன் முறைக்கு ஒரு குடி தவறினால் அது மானப் பிரச்சினை. வயலில் தண்ணீர் திறக்க வட்டை விதானை சொன்னால் கேட்கிறார்கள். மரண உதவிச் சங்கத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கூட்டத்தில் எழும்பிக் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தின் மேலே இந்த வாடிகளைக் கட்டியிருந்தால் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நான் பார்த்தவற்றில் இன்னும் நன்றாக நடப்பவை எல்லாம் சின்னவை, பழைய சங்கம் ஒன்றின் கீழே முளைத்தவை: மாதர் சங்கம் சமையலைப் பார்க்கும், மீனவர் சங்கம் படகை முறைபோட்டு ஓட்டும், தங்குவது யாருடையதோ ஒரு வீட்டின் இரண்டு அறை.

ஆகவே ஒரு இடத்துக்குப் பேசும்போது போனிலேயே இவற்றைக் கேளுங்கள். நாளைக்கு எங்களைக் கூட்டிப்போவது யார், நாளன்றைக்கு யார்? இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் அது ஒரு ஆளின் தொழில். அதில் தப்பில்லை, ஆனால் ஊரின் தொழில் என்று சொல்லக்கூடாது. ஒரு இரவுக்கு நாங்கள் தரும் காசில் பொதுப் பெட்டிக்கு எவ்வளவு போகும், அதை வைத்துக் கடைசியாக என்ன செய்தீர்கள்? உண்மையில் நடக்கிற இடம் என்றால் பதில் உடனே வரும், அதுவும் சில்லறையாக வரும்: 'போன வருசம் முன்பள்ளிக்குக் கூரைத் தகடு வாங்கினோம்', 'சங்கத்துக்குப் பத்து வீதம், ஆனா இந்த வருசம் இன்னும் கட்டல்ல'. அந்த 'இன்னும் கட்டல்ல' என்ற வார்த்தையை நான் மிகவும் நம்புவேன். 'சமூக மேம்பாட்டுக்குப் பயன்படுத்துகிறோம்' என்று மட்டும் சொன்னால் அது எங்கேயோ பாடமாக்கியது. சமைப்பவருக்கு நாள்கூலியா, பங்கா என்றும் கேளுங்கள். சுற்றுலா அதிகாரசபையில் பதிவு உண்டா என்று கேட்கலாம். வீட்டோடு தங்கவைப்பதற்கும் பதிவு முறை இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு கட்டில், கழிப்பறை, பாதுகாப்பு பற்றியது. காசு யாருக்குப் போகிறது என்பதை அது சொல்லாது.

காட்டுக்குள் படுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமேசனில் இன்ஃபியர்னோ போன்ற ஊர்களுக்கே காட்டில் உரிமை உண்டு, அதனால் உள்ளே கட்டுகிறார்கள். இங்கே காடு அரசுடையது. தேசிய பூங்காவுக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவோ முகாமிடமோதான், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஊர்ச்சனம் தங்கவைப்பது காட்டோரத்தில். எனவே நான் உங்களுக்குச் சொல்வது: மூன்று இரவையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். இரண்டு இரவு அம்பாறை நகரைத் தாண்டி இங்கினியாகலைப் பக்கம். அங்கே நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம். அதன் நீரேந்து நிலத்தைக் காக்க 1954 இல் கல்லோயா தேசிய பூங்கா உருவானது. ஜீப்பில் குலுங்காமல் படகில் போய் யானை பார்க்கலாம், அதனால்தான் அம்மாவுக்கு ஏற்றது என்கிறேன். தீவுக்குத் தீவு யானை நீந்திக் கடப்பதையும் அங்கே பார்க்கலாம். உறுதி என்று சொல்ல மாட்டேன். மார்ச் முதல் ஜூலை வரைதான் படகுக்கு முதல்தரமான காலம், ஓகஸ்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். இறங்கிய கரையில் புல் முளைத்து யானை வந்து நிற்பதும் உண்டு. அந்தக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கின்றன; அம்மாவுக்குக் காட்டினால் பிள்ளைகளுக்கு அவவே பாடம் எடுப்பா. பூங்காவுக்கு அப்பால், மொனராகலை மாவட்டத்தில் நாட்டின் ஆதிக்குடிகளான வேடரின் ரத்துகல குடியிருப்பு. அங்கிருந்து வேடர் ஒருவரே கூட்டிப்போகும் நடை கிடைத்தால் எடுங்கள், ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் இரவு பொத்துவில் பக்கம். போகிற வழியில் லகுகல. நாட்டின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் ஜூலை, ஓகஸ்டில் குளம் வற்றிப் புல் எழும்போது றோட்டில் இருந்தே யானைக்கூட்டம் தெரியும். பொத்துவில் களப்பில் மீனவர்கள் துடுப்புப் படகில் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். நீங்கள் மனசில் வைத்திருக்கும் 'ஊர் நடத்துவது' என்பதற்கு எங்கள் பக்கம் கிட்டிய உதாரணம் இதுதான் என்பேன். விடியக்காலை அல்லது பின்நேரம் போங்கள். ஓகஸ்ட் அறுகம்பேயில் அலைச்சறுக்கல்காரர்களின் காலம், அறை விலை எகிறும். கோமாரிப் பக்கம் தள்ளித் தேடுங்கள். உகந்தை முருகன் கோயிலில் இருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் போகும் பாதயாத்திரை நீங்கள் வரும்போது அநேகமாக முடிந்திருக்கும். அம்மா அந்த வழி நடந்தவவாக இருந்தால் உகந்தை வரையாவது கூட்டிப்போங்கள்.

பயம் பற்றி. உண்மையான ஆபத்து முதலில் யானைதான். படுவான்கரையில் யானை அடித்துச் செத்தவர் இல்லாத ஊர் குறைவு. இருட்டிய பிறகு வாடிக்கு வெளியே நடக்காதீர்கள், கழிப்பறை அறைக்குள்ளேயே உள்ள இடமாகப் பாருங்கள். இரண்டாவது தண்ணீர். குளங்களிலும் களப்பிலும் முதலை உண்டு. ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். பாம்பு என்றால் முத்திரைப் புடையனுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். கடித்தால் கட்டுப்போட்டு, கீறி, நாட்டுவைத்தியரிடம் ஓடி நேரத்தை வீணாக்காமல் 1990 க்கு (இலவச அம்புலன்ஸ்) போன் அடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலேரியாவுக்குப் பயப்படத் தேவையில்லை, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, அது பகலில் கடிக்கும் நுளம்பு. எலிக்காய்ச்சல் வயல் சேற்றில் வருவது, காலில் புண் உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். காட்டோரப் புல்லில் நடந்து வந்தால் உண்ணி ஏறியிருக்கும், மடிப்புகளைப் பாருங்கள். அம்மாவின் மருந்துகள், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பற்றியெல்லாம் உங்கள் டொக்டரைக் கேளுங்கள்; அது என் துறை இல்லை.

வெக்கையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏசி இருக்காது. கச்சான் காற்று மத்தியானம் அனலாக அடிக்கும், ஓலைக்கூரை கொஞ்சம் தாங்கும், தகடு என்றால் உள்ளே இருக்க ஏலாது. கூரை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்யுங்கள். பத்து மணி முதல் மூன்று மணி வரை எங்கும் போகத் திட்டம் போடாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம்: குரக்கன் ரொட்டி, விரால் குழம்பு, எருமைத் தயிரும் தேனும். மிளகாயைக் குறைக்கச் சொல்லி வந்த அன்றே சொல்லிவிடுங்கள், இரண்டாம் நாள் சொன்னால் 'பிள்ளைகளுக்கு எங்கட சமையல் பிடிக்கல்ல' என்று சமைத்தவர் மனம் நோவார். அம்மாவுக்குக் கொமட் உள்ள கழிப்பறையா, கட்டில் எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். நம்மூர்க்காரர் 'எல்லா வசதியும் இருக்கு' என்பார்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவருவது என்றும் கேட்டிருந்தீர்கள். தலையில் கட்டும் டோர்ச் ஆளுக்கு ஒன்று. இரவு வாடித் திண்ணையில் இருந்தபடியே அதை மரத்துக்கு அடித்துப் பார்க்கட்டும். இரண்டு சிவப்புக் கண் அசையாமல் திரும்பிப் பார்த்தால் அது பெரும்பாலும் தேவாங்கு. கண்டதும் டோர்ச்சை அணைத்துவிடச் சொல்லுங்கள், அதற்குக் கண் கூசும்.